பிரிட்டிஷ் எம்.பி. எலினார் ராத்போன் பத்தி கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: அக்கா, இவங்க எந்தக் கட்சி?

எந்தக் கட்சியும் இல்லப்பா, சுயேச்சை. 1929ல இங்கிலீஷ் யுனிவர்சிட்டி பட்டதாரிங்க ஓட்டுப் போடுறதுக்குன்னே அப்போ இருந்த தொகுதியில ஜெயிச்சு, 1946 ஜனவரியில சாகுற வரைக்கும் எம்.பி.யா இருந்தாங்க. அதுக்கு முன்னாடியே 1909ல லிவர்பூல் கவுன்சிலுக்கு ஜெயிச்ச முதல் பொம்பள இவங்கதான்.

கேள்வி: குழந்தைகளுக்கு அரசாங்கமே பணம் குடுக்கணும்னு கேட்டாங்களாமே, அது எப்படி வந்துச்சு?

இதுதான் அவங்க வாழ்க்கையோட பெரிய வேலை. முதல் உலகப்போர்ல சிப்பாய்ங்க பொண்டாட்டிகளுக்கு, எத்தன பிள்ளையோ அதுக்கேத்த மாதிரி அரசாங்கம் பணம் குடுத்துச்சு, லிவர்பூல்ல அதைக் கவனிச்சுக்கிட்டது இவங்க, புருஷன் சம்பளத்த எதிர்பார்க்காம பணம் நேரா அம்மா கைக்கு வந்தா வீடு எப்படி மாறுதுன்னு கண்ணால பார்த்துட்டாங்க. கல்யாணமாகாதவனுக்கும் அஞ்சு பிள்ள பெத்தவனுக்கும் ஒரே கூலின்னா பட்டினி கிடக்குறது அந்தப் பிள்ளைங்கதானே, அதத்தான் 1924ல புத்தகமாவே எழுதினாங்க. தொழிற்சங்கத்துல நிறைய பேருக்குப் பிடிக்கல, இதச் சாக்கா வச்சு முதலாளி கூலியக் குறைச்சிருவான்னு பயம். அந்த பயத்துல நியாயம் இருந்துச்சு, ஆனா அதுக்காகப் பிள்ளைங்கள காக்க வைக்க முடியுமா?

கடைசியில 1945ல சட்டம் வந்துச்சு, ரெண்டாவது பிள்ளையிலருந்து ஆளுக்கு வாரம் 5 ஷில்லிங். ஆனா மசோதாவுல பணம் அப்பா பேருல போட்டிருந்தாங்க! அப்படின்னா நானே எதிர்த்து ஓட்டுப் போடுவேன்னு நின்னாங்க, அப்புறம்தான் அம்மாவுக்குன்னு மாத்தினாங்க. எனக்கு அவங்க மேல மரியாத வந்ததே இந்த இடத்துலதான். பணம் கைக்கு வர ஆரம்பிச்சது 1946 ஆகஸ்ட்ல, அதப் பார்க்க அவங்க இல்ல.

கேள்வி: நம்ம ஊர் குழந்தைத் திருமணம் பத்தியும் பேசினாங்கன்னு சொல்றாங்களே?

ஆமா, ஆனா இங்க நான் அவங்கள முழுசா பாராட்ட மாட்டேன். 1929ல லண்டன்ல இந்தியப் பெண்கள் பத்தி ஒரு மாநாடு கூட்டினாங்க, பேசுனதெல்லாம் வெள்ளக்காரங்க. அங்கயே எழுந்து கண்டிச்சவங்கள்ல தன்வந்தி ராமராவும் ஒருத்தர், மெட்ராஸ் குயின் மேரீஸ் காலேஜ்ல பாடம் எடுத்தவங்க. எங்க வேலைய நாங்களே பார்த்துக்குறோம்னு அவங்க சொன்னது சரிதான். அதே வருஷம்தான் கல்யாணத்துக்குக் குறைஞ்ச வயசு பொண்ணுக்கு 14, பையனுக்கு 18னு சார்தா சட்டம் வந்துச்சு, அதுக்குப் போராடுனது இந்தியர்கள். ராத்போன் 1932ல இந்தியாவுக்கே வந்து பார்த்தாங்க, சட்டத்த ஏன் அமல்படுத்தலன்னு பிரிட்டிஷ் அரசாங்கத்தையே விடாம கேட்டாங்க, அது நல்ல விஷயம்.

கேள்வி: ஹிட்லர் காலத்துல என்ன செஞ்சாங்க மேடம்?

செக்கோஸ்லோவாக்கியாவோட ஒரு பகுதிய ஹிட்லருக்கு விட்டுக்குடுத்த 1938 மியூனிக் ஒப்பந்தத்த எதிர்த்தாங்க. 1938 கடைசியில அகதிகளுக்காக எம்.பி.க்கள சேர்த்து ஒரு கமிட்டி அமைச்சு, விசாவுக்காக மந்திரிகள விடாம நச்சரிச்சாங்க, அகதிகளோட எம்.பி.ன்னே பேராயிடுச்சு. 1940ல ஹிட்லர்கிட்டருந்து தப்பி வந்த யூதர்களையே எதிரி நாட்டுக்காரங்கன்னு பிரிட்டன் முகாம்ல அடைச்சப்போ, லிவர்பூல் பக்கத்துல இருந்த ஹைட்டன் முகாமுக்கு நேர்லயே போய்ப் பார்த்துட்டு, இவங்கள விடுங்கன்னு பார்லிமென்ட்ல கேட்டாங்க.