சூரியத் தீவில் நடக்கும் முன் உயரத்துக்குப் பழகுங்கள்

கேள்வி: மேற்குத் தொடர்ச்சி மலையில் பல ஆண்டுகளாக மலையேற்றம் செய்து வருகிறேன். ஜூலையில் லிமாவில் இறங்கி, அங்கிருந்து விமானத்தில் பொலிவியாவின் லா பாஸ் சென்று, மறுநாளே அந்நாட்டின் டிடிகாகா ஏரியிலுள்ள சூரியத் தீவை வடக்கிலிருந்து தெற்குவரை முதுகுப்பையுடன் நடந்து கடக்க நினைக்கிறேன். ஒரு நாள் போதுமா? கூடாரம் தேவைப்படுமா?

பதில்: தூரத்தை மட்டும் பார்த்தால் ஒரு நாள் தாராளமாகப் போதும். தீவின் நீளமே ஏறத்தாழ பத்து கிலோமீட்டர்தான்; வாகனச் சாலை கிடையாது; பாதையும் தெளிவானது. உங்கள் திட்டத்தில் நான் மாற்றச் சொல்வது ‘மறுநாளே’ என்பதைத்தான்.

டிடிகாகாவின் நீர்மட்டமே 3,812 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர். அதைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில், படகுத்துறையிலிருந்துதான் உங்கள் நடை தொடங்குகிறது. முகட்டுப் பாதை நாலாயிரம் மீட்டரையும் தொடுகிறது. கால் வலுவும் மலையேற்றப் பழக்கமும் மூச்சிரைப்பை ஓரளவு குறைக்கலாமே தவிர, உயர நோயிலிருந்து காப்பாற்றுவதில்லை. நல்ல உடற்கட்டு உள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்கே அது அதிகம் வருவதும் உண்டு.

பிற மலைகளில் தலைவலியும் குமட்டலும் முற்றினால் கீழே இறங்குவதே முதல் மருந்து. இங்கே அந்த மருந்து கைக்கு எட்டாது. முகட்டிலிருந்து கரைக்கு இறங்கினாலும் இருநூறு மீட்டர் அளவே குறையும். ஏரியைக் கடந்தால் தீவுக்குப் படகு புறப்படும் கரையூரான கோபகபானா, அதுவும் ஏறத்தாழ அதே உயரம். அங்கிருந்து லா பாஸ் செல்லும் சாலை நாலாயிரம் மீட்டரைக் கடந்து, லா பாஸுக்கு மேலே உள்ள எல் ஆல்டோ நகர் வழியாகத்தான் போகிறது. ஆகவே உடலைப் பழக்குவதைத் தீவுக்கு வருமுன்பே முடித்துவிட வேண்டும்.

லிமாவில் இறங்குவதால் உங்களுக்கு நல்ல வழி இருக்கிறது. லா பாஸ் விமானத்தை விட்டுவிட்டு, 2,335 மீட்டர் உயரத்திலுள்ள அரேகிபாவில் இரண்டு இரவும், 3,400 மீட்டரிலுள்ள குஸ்கோவில் இரண்டு மூன்று இரவும் தங்கி, பிறகு பெருவின் ஏரிக்கரை நகரான பூனோ வழியாகப் பேருந்தில் எல்லையைக் கடந்து கோபகபானா சேருங்கள். உயர நோயைத் தடுக்க அசட்டசோலமைடு மாத்திரை உதவும். ஆனால் சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம் என்பதால் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். கோக்கா இலைத் தேநீர் எங்கும் கிடைக்கும், இதமாகவும் இருக்கும். அதை மாத்திரைக்கு மாற்றாக எண்ண வேண்டாம், இலையை ஊருக்கு எடுத்துவரவும் வேண்டாம். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அன்றே பயணத்தை நிறுத்தி மருத்துவ உதவி தேடுங்கள்.

நீங்கள் தேர்ந்த திசை சரியானதே. காலைப் படகில் வடக்கே சல்லபம்பாவில் இறங்கி, முதலில் சின்கானா என்னும் இன்காக் கால இடிபாடுகளைப் பாருங்கள். ஏரியை நோக்கிய சரிவில் ஒன்றுக்குள் ஒன்றாகத் திறக்கும், கல்லால் கட்டிய சிறு அறைகள் அங்கே உள்ளன. வாயில்கள் தாழ்வாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால் குனிந்துதான் நுழைய வேண்டும், பெரிய பை முதுகில் இருந்தால் பக்கச் சுவரில் உரசும். அருகிலேயே புனிதப் பாறை. சூரியன் முதலில் தோன்றியது இங்கேதான் என்பது இன்காக்களின் நம்பிக்கை. பாறைக்குப் போகும் பாதையில் ‘சூரியனின் காலடிகள்’ எனப்படும் தடங்களைத் தரையிலேயே காணலாம். வேகமாக நடப்பவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இவற்றைத்தான்.

அங்கிருந்து தெற்கிலுள்ள யுமானி ஊர் வரை முகட்டுப் பாதையில் மூன்று நான்கு மணி நேரம் ஆகும். மர நிழல் மிகக் குறைவு. ஜூலையில் நண்பகல் சூரியன் வடக்கில் நிற்பதால், தெற்கு நோக்கி நடக்கும் உங்களுக்குப் பிடரியும் காதுகளும்தான் முதலில் வெந்துபோகும். சன்ஸ்கிரீனை முகத்தோடு நிறுத்திவிடாதீர்கள். வெயில் தாங்கவில்லை என்றால் சல்லா ஊர் வழியாகச் செல்லும் கிழக்குக் கரைப் பாதையே நல்லது.

ஒன்றைக் கோபகபானாவிலேயே விசாரித்துவிடுங்கள். 2017இல் வடபகுதிச் சமூகங்களுக்கிடையே எழுந்த தகராறால் அப்பகுதி சில ஆண்டுகள் பயணிகளுக்கு மூடப்பட்டிருந்தது. புறப்படும் அன்று வடக்கே படகு இல்லையென்றால் தெற்கில் இறங்கி யுமானியைச் சுற்றி நடங்கள். இரு தளங்கள் கொண்ட பில்கோ கைனா மாளிகையும் இன்காப் படிக்கட்டும் அங்கேதான் உள்ளன.

கூடாரம் வேண்டாம். யுமானியில் எளிய விடுதிகள் பல உண்டு; நிலமெல்லாம் ஊர்ச் சமூகங்களுக்குச் சொந்தம், அடுக்கு வயல்களில் அனுமதியின்றிக் கூடாரமடிப்பது முறையும் அல்ல. ஜூலை இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே போகும் என்பதால், அந்த எடைக்குப் பதில் நல்ல கம்பளிச் சட்டை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பையைக் கோபகபானா விடுதியில் விட்டுவிட்டு, தண்ணீர், உடை, மருந்து அடங்கிய சிறு பையுடன் ஓர் இரவு தங்கி நடப்பதே என் பரிந்துரை. தீவில் ஏ.டி.எம். இல்லை, நுழைவுக் கட்டணத்துக்குச் பொலிவியாவின் நாணயமான பொலிவியானோவைச் சில்லறை நோட்டுகளாக வைத்திருங்கள், ரசீதைக் கடைசிவரை பத்திரப்படுத்துங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறந்துவிடாதீர்கள். பெரு, பொலிவியா இரண்டுமே அந்நோய் உள்ள நாடுகளாக இந்தியா கருதுபவை. ஊசி போட்ட பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும். அது இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்திலிருந்து தனிமைப்படுத்தும் இடத்துக்கு அனுப்பப்பட நேரலாம்.