நடுக்கடலில் கப்பல் நின்றுவிட்டால் ஊர் திரும்புவது எப்படி? – கேள்வி பதில்

பயணியர் கப்பல் நிறுவனங்களுக்காகக் கரையில் இருந்து வேலை பார்த்தவன் நான். இயந்திரப் பொறியாளன் அல்லன். இறங்குபாலத்துக்கு இப்பால் நடப்பதுதான் என் துறை. வந்த கேள்விகளில் அதற்குள் அடங்குபவற்றுக்கு விரிவாகவும், மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இயந்திரம் நின்றால் கழிப்பறையும் ஏன் நின்றுபோகிறது? அவசர ஜெனரேட்டர் இருக்குமே?

பதில்: இருக்கும். பயணியர் கப்பலின் அவசர மின்சாரம் 36 மணி நேரத்துக்குத் தாங்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. ஆனால் அந்த மின்சாரம் அவசர விளக்கு, வானொலித் தொடர்பு, தீயணைப்புப் பம்பு ஆகியவற்றுக்கானது. குளிர்சாதனத்தையும் சமையற்கூடத்தையும் ஓட்டும் அளவுக்கு அதில் சக்தி கிடையாது. கப்பலின் கழிப்பறைகள் வெற்றிட உறிஞ்சலில் இயங்குபவை என்பதால், மின்சாரம் போன சில மணி நேரத்தில் அவையும் போய்விடுகின்றன. 2010 ஜூலை 1-க்குப் பின் கட்டத் தொடங்கிய பெரிய பயணியர் கப்பல்களுக்கு, ஓர் இயந்திர அறை தீயில் போனாலும் சொந்தச் சக்தியில் துறைமுகம் திரும்பும் திறன் வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. அதற்காக நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். 2019 மார்ச்சில் நார்வே கரையோரம் தத்தளித்த வைக்கிங் ஸ்கை இவ்விதிக்கு உட்பட்ட புதிய கப்பல்தான். மசகெண்ணெய் அளவு குறைவாக இருந்த நிலையில் புயலில் ஆடியதால் இயந்திரங்கள் ஒட்டுமொத்தமாக நின்றன.

கேள்வி: பக்கத்தில் துறைமுகம் இருக்கும்போது, பயணிகளை நாள்கணக்கில் கடலில் வைத்துத் தூரத்துத் துறைமுகத்துக்கு இழுத்துச் செல்வது அநியாயம் இல்லையா? 2013-இல் கார்னிவல் டிரையம்ஃபை மெக்சிகோவின் புரொகிரேசோவுக்குக் கொண்டுபோகாமல் அமெரிக்காவின் மொபீலுக்கு இழுத்துப் போனார்களே!

பதில்: இன்று வந்தவற்றில் நல்ல கேள்வி இதுதான். அக்கப்பலில் 3,143 பயணிகளும் 1,086 பணியாளர்களும் இருந்தார்கள். எரிபொருள் திரும்பிச் செல்லும் வளைகுழாய் ஒன்றில் ஏற்பட்ட கசிவினால் பிப்ரவரி 10 அதிகாலையில் இயந்திர அறையில் தீப்பிடித்தது. முதலில் புரொகிரேசோ என்றுதான் முடிவானது. இழுவைப் படகுகள் வந்து சேர்வதற்குள் நீரோட்டம் கப்பலை வடக்கே நெடுந்தூரம் தள்ளிவிட்டிருந்தது. அதோடு, பயணிகளில் ஏறத்தாழ 900 பேரிடம் பாஸ்போர்ட் இல்லை. அமெரிக்கத் துறைமுகத்தில் புறப்பட்டு அதே துறைமுகத்துக்குத் திரும்பும் பயணம் என்றால், அந்நாட்டுக் குடிமக்களுக்குப் பிறப்புச் சான்றிதழும் புகைப்பட அட்டையும் போதும். ஆனால் வேறொரு நாட்டில் இறங்கி விமானம் ஏற அவை போதா.

கப்பலுக்கு மிக அருகில் உள்ள துறைமுகம் வீட்டுக்கும் அருகில் இருக்க வேண்டும் என்பதில்லை. நாலாயிரம் பேர் இறங்கினால் அன்றிரவே நாலாயிரம் பேருக்குப் படுக்கை, பேருந்து, விமான இருக்கை, குடிவரவு முத்திரை அத்தனையும் வேண்டும். 2012-இல் சீஷெல்ஸ் அருகே கோஸ்டா அலெக்ரா மின்சாரம் இழந்தபோது, பக்கத்திலிருந்த தெரோஷ் தீவில் இறக்குவதாகத்தான் பேச்சு இருந்தது. அங்கே கப்பலைப் பாதுகாப்பாகக் கட்டவும் வழியில்லை, அறுநூற்றுச் சொச்சம் பயணிகளுக்குத் தங்கவும் இடம் போதாது என்று தெரிந்ததும் மாஹே தீவுக்கே கொண்டுபோனார்கள். இழுத்தது பிரெஞ்சுச் சூரைமீன் பிடிகப்பல் ஒன்று.

கேள்வி: பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: 2013-இல் கப்பல் நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கம் வெளியிட்ட பயணியர் உரிமைப் பட்டியலின்படி, இயந்திரக் கோளாறால் பயணம் ரத்தானால் முழுக் கட்டணமும், பாதியில் முடிந்தால் ஒரு பகுதியும் திருப்பித் தரப்பட வேண்டும். பாதியில் முடிந்த பயணிகளைத் திட்டமிட்ட இறங்குதுறைக்கோ சொந்த ஊருக்கோ கொண்டுசேர்ப்பதும், திட்டமிடாத துறைமுகத்தில் இரவு தங்க நேர்ந்தால் தங்குமிடம் தருவதும் அதில் அடக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தொகுப்புப் பயணமாக வாங்கியவர்களுக்குச் சட்டமே துணை: பயணத் தொகுப்பில் போக்குவரத்தும் சேர்ந்திருந்தால், ஊர் சேர்க்கும் பொறுப்பு ஏற்பாட்டாளருடையது.

கேள்வி: (புரொகிரேசோ பற்றிக் கேட்ட அதே நண்பர்) நிறுவனம் சொன்ன காரணத்தை அப்படியே ஒப்பிக்கிறீர்கள். மொபீலில் பழுதுபார்க்கும் தளம் இருந்தது. அதனால்தான் அங்கே போனார்கள்.

பதில்: தளம் இருந்தது உண்மை, கப்பல் அங்கேயே நின்று செப்பனிடப்பட்டதும் உண்மை. நிறுவனத்துக்கு அதில் ஆதாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்த முறை நிறுவனத்தின் ஆதாயமும் பயணியின் வசதியும் ஒரே திசையில் இருந்தன என்கிறேன். பிப்ரவரி 14 இரவு கரை சேர்ந்த கப்பலில் ஒரே ஒரு மின்தூக்கிதான் ஓடியது. அப்படியும் நான்கைந்து மணி நேரத்தில் அனைவரும் இறங்கிவிட்டார்கள். ஏறத்தாழ நூறு பேருந்துகள் காத்திருந்தன. பலர் நியூ ஆர்லியன்ஸ் சென்று, அங்கிருந்து தனிவிமானங்களில் ஹூஸ்டன் போனார்கள். (பேருந்துகளில் ஒன்று வழியில் பழுதாகி நின்றது என்பது தனிக் கொடுமை.) இத்தனையும் இவ்வளவு விரைவாக நடந்தது, பாஸ்போர்ட் கேட்காத மண்ணில் இறங்கியதால்தான்.

கேள்வி: வேறு கப்பலுக்கோ ஹெலிகாப்டருக்கோ பயணிகளை மாற்றியிருக்கலாமே?

பதில்: புரொகிரேசோ நண்பருக்கு ஆள் சேர்ந்துவிட்டது என்று தெரிகிறது, கணக்குப் போட்டே சொல்கிறேன். வைக்கிங் ஸ்கையில் இருந்த 1,373 பேரில் 479 பேரை ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராகக் கயிற்றில் தூக்கினார்கள்; அதற்கு ஏறத்தாழ 18 மணி நேரம் ஆனது. அதுவும் கரை கண்ணுக்கெட்டிய தொலைவில் இருந்தபோது. அதே வேகத்தில் 4,200 பேரைத் தூக்க ஆறு நாளுக்கு மேல் ஆகும். டிரையம்ஃப் ஐந்தாம் நாளே துறைமுகத்தில் இருந்தது. கப்பலிலிருந்து கப்பலுக்கு மாற்றுவது அதைவிட மோசம். இரண்டு கப்பல்கள் அலையில் வெவ்வேறு தாளத்தில் ஏறி இறங்கும்போது, கைத்தடியுடன் நிற்கும் எழுபது வயதுப் பாட்டி எந்த நொடியில் கால் வைப்பார்? 1980-இல் அலாஸ்கா வளைகுடாவில் எரிந்த பிரின்சென்டாமிலிருந்து உயிர்காப்புப் படகுகளில் இறங்கியவர்கள் எண்ணெய்க் கப்பல் ஒன்றில் ஏறிப் பிழைத்தார்கள். அது கப்பல் எரிந்துகொண்டிருந்ததால். நாற்றம் சகிக்கவில்லை என்பது கப்பலைக் கைவிடக் காரணம் ஆகாது. மிதக்கும்வரை கப்பலே சிறந்த உயிர்காப்புப் படகு.

கேள்வி: கட்டணம் திரும்பக் கிடைக்குமா, எவ்வளவு?

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி: கரை சேர்ந்ததும் அவர்கள் விமானத்துக்குக் காத்திராமல் நானே டிக்கெட் வாங்கிக் கிளம்பிவிடலாமா?

பதில்: கிளம்பலாம், சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஒருமுறை விடியற்காலை நான்கு மணிக்குத் துறைமுகக் கொட்டகையில் பெயர்ப்பட்டியலும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். கடைசிப் பேருந்து நிரம்பிவிட்டது. பட்டியலில் ஒரு பெயருக்கு எதிரே மட்டும் குறி விழவில்லை. கேபினைத் தட்டினோம், மருத்துவ அறையைப் பார்த்தோம், கழிப்பறைகளைத் திறந்து பார்த்தோம். நாற்பத்தெட்டுப் பேர் பேருந்தில் உட்கார்ந்தபடி எங்களை வைதார்கள். அவரோ இரண்டு மணி நேரத்துக்கு முன்பே டாக்சி பிடித்து விமான நிலையம் போய்விட்டிருந்தார். ஆகவே மேசையில் கையெழுத்துப் போட்டு, சொந்த ஏற்பாட்டில் செல்வதாக எழுதிக் கொடுத்து, செலவை ஏற்பார்களா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழி உறுதி பின்னால் செல்லாது.

கேள்வி: ஒருமுறை மட்டும் நுழையும் விசாவில் பயணம் செய்கிறேன். வேறு நாட்டில் இறக்கிவிட்டால்?

பதில்: துறைமுக முகவர் குடிவரவு அதிகாரிகளிடம் சிறப்பு அனுமதி கேட்பார், பெரும்பாலும் கிடைக்கும், ஆனால் உங்கள் வரிசை தனியாக, மெதுவாக நகரும். வாய்ப்பு இருந்தால் பலமுறை நுழையும் விசாவே வாங்குங்கள். பாஸ்போர்ட்டும் ஒரு வாரத்துக்கான மருந்தும் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டி உங்களுடன் அதே பேருந்தில் வரும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

கேள்வி: குமட்டலுக்கு எந்த மாத்திரை நல்லது?

பதில்: மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: பாஸ்போர்ட்டை வரவேற்பறையில் வாங்கி வைத்துக்கொள்கிறார்களே, எப்படிக் கைப்பையில் வைப்பது?

பதில்: நியாயமான கேள்வி, சில நிறுவனங்கள் துறைமுகச் சோதனைக்காக வாங்கிவைப்பது வழக்கம். இறங்குவதற்கு முன் கட்டுக்கட்டாகத் திருப்பித் தருவார்கள். முகப்புப் பக்கத்தின் நகலையும் விசாப் பக்கத்தின் நகலையும் உங்களிடம் வைத்திருங்கள். இருட்டில் அகரவரிசை கலைந்த ஆயிரம் பாஸ்போர்ட்டுகளில் உங்களுடையதைத் தேடும் ஊழியருக்கு அந்த நகல் பெரிய உதவி.

கேள்வி: பணம் எத்தனை நாளில் வரும்?

பதில்: பணத்தைப் பற்றிய நான்காவது கேள்வி இது, மூன்றாவதை அப்படியே விட்டுவிட்டேன். நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். தாமதத்தால் தவறிய விமானம், ஓட்டல் செலவு ஆகியவற்றைப் பயணக் காப்பீட்டு நிறுவனத்திடம் தனியாகக் கேளுங்கள்; ரசீதுகளைக் கிழித்துப் போடாதீர்கள்.

கேள்வி: (அதே புரொகிரேசோ நண்பர்) கப்பல் எங்கே போக வேண்டும் என்று பயணிகளிடமே வாக்கெடுத்திருக்கலாம் அல்லவா?

பதில்: அந்த முடிவு கப்பல் தலைவருடையது. இழுவடம் எவ்வளவு தாங்கும், காற்று எப்போது திரும்பும் என்பதை வாக்கெடுத்து அறிய முடியாது. டிரையம்ஃபின் இழுவடமே கடைசி நாளில் ஒருமுறை அறுந்தது.

கேள்வி: பயணிகள் போய்விட்டால் பணியாளர்கள்?

பதில்: பெரும்பாலோர் கப்பலிலேயே இருப்பார்கள். பழுது நீளும் என்றால் ஒரு பகுதியினரை நிறுவனம் ஊருக்கோ வேறு கப்பலுக்கோ அனுப்பும். ஆனால் அதற்கு முன், கழிவுநீரில் ஊறிய கம்பளங்களையெல்லாம் பிய்த்து எடுப்பது அவர்கள் வேலை.