சேச்சிக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை

அன்புள்ள ஐயா,

எனக்கு 34 வயது. இரண்டு பிள்ளைகள், இனி வேண்டாம். பக்கத்து வீட்டுச் சேச்சி ஐந்து வருடமாகச் சாப்பிடும் கருத்தடை மாத்திரையையே மெடிக்கலில் வாங்கி மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். உடம்பு பெருக்குமா, புற்றுநோய் வருமா? எப்போதாவது கண்ணில் வளைவு வளைவாக வெளிச்சம் மின்னி, பிறகு ஒற்றைத் தலைவலி வரும். அது முன்பிருந்தே உண்டு. இந்த மாத்திரை பாதுகாப்பானதா?

எஸ்., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள எஸ்.,

உடம்பு பெருக்குவதை விடுங்கள். சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு இந்த மாத்திரையால் குறைகிறது, மார்பகத்தில் சற்றுக் கூடுகிறது. இப்போது உங்கள் கவலை அதுவல்ல.

போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, கண்ணில் மின்னுகிற வெளிச்சம், அதுதான் விஷயம். அட்டையில் எத்தினைல் எஸ்ட்ராடையால் என்ற ஹார்மோன் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அந்த மின்னலோடு தலைவலி வருகிறவர் எந்த வயதிலும் அதைச் சாப்பிடக் கூடாது. பக்கவாத ஆபத்து கூடும். உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு உடல்நிலைக்கும் கருத்தடை முறைகளை 1 முதல் 4 வரை தரம் பிரித்திருக்கிறது. 1 என்றால் தாராளமாக, 4 என்றால் தொடவே கூடாது. உங்கள் தலைவலிக்கு அந்த மாத்திரை 4, காப்பர் டி 1. பிரஷர் 160/100 இருந்தாலும் மாத்திரை 4தான். மெடிக்கலில் யாராவது உங்கள் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தார்களா? சேச்சிக்கு ஒத்துக்கொண்டது என்றால் அது சேச்சியின் உடம்பு, அம்மா! நான் டாக்டர் இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மின்னலைத்தான் முதலில் சொல்லுங்கள். அதுவரை ஆணுறை.

ஆணுறை என்று எழுதும்போதுதான் கவனித்தேன். கடிதத்தில் சேச்சி இருக்கிறார், மெடிக்கல் கடை இருக்கிறது, உங்கள் வீட்டுக்காரர் இல்லை.

நானும் அப்படி இல்லாமல் போனவன்தான். இரண்டாவது பிறந்ததும் என் மனைவிதான் கருத்தடை ஆபரேஷன் பண்ணிக்கொண்டாள். ஆண் பண்ணிக்கொண்டால் கனம் தூக்க முடியாது என்றேன். நான் பள்ளிக்கூட வாத்தியார். வாழ்நாளில் தூக்கியதிலேயே கனமானது வருகைப் பதிவேடு. அவளுக்குத் தையலில் சீழ் வைத்தது. வேலந்தாவளம் பஸ்ஸில் குழிக்குக் குழி அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டது இன்னும் கண்ணில் இருக்கிறது.

ஆணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. மரத்துப்போக ஊசி, சின்னத் துளை, அன்றைக்கே வீடு. மூன்று மாதம் ஆணுறை, பிறகு விந்துப் பரிசோதனை, அவ்வளவுதான். ஆண்மை போகாது. இதே கேரளத்தில், 1971 ஜூலையில், எர்ணாகுளம் முகாமில் ஒரே மாதத்தில் 60,000க்கும் மேற்பட்ட ஆண்கள் பண்ணிக்கொண்டார்கள். பணமும் பரிசும் கொடுத்தார்கள்தான், இருந்தாலும் வந்தார்களே. அப்புறம் எமர்ஜென்சியில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய் அறுத்தார்கள், ஆண்கள் மிரண்டார்கள். அந்தப் பயம் நியாயம். ஆனால் ஐம்பது வருடமாகவா? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் தாங்களே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டவர்கள் 0.3.

காப்பர் டி உங்களுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் நாளைக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாத்திரை அட்டையை அவர் சட்டைப்பையில் வையுங்கள்.