யாருக்கும் தெரியாத கணக்கு

அன்புள்ள அக்கா,

நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ‘ரீ:ஜீரோ’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் முதல் சீசனைப் பார்த்து முடித்தேன். கோபம்தான் வந்தது. வரவேண்டாம் என்று அவன் நேசிக்கும் எமிலியா கேட்டுக்கொண்ட பிறகும் கதாநாயகன் சுபாரு அரண்மனைக்குப் போகிறான். அத்தனை பேர் முன்னால், நான்தான் இவளுடைய வீரன் என்று அறிவித்து அவள் மானத்தை வாங்குகிறான். அவ்வளவு திமிர் பிடித்தவன் ஐந்து எபிசோட் கழித்து, தன்னைத் தனக்கே பிடிக்கவில்லை என்று அழுகிறான். பணிப்பெண் ரெம் அவனை நேசிப்பதாகச் சொன்னதும் எல்லாம் சரியாகிவிடுகிறது. ஒரு பெண்ணின் அன்பைப் படிக்கட்டாக்கி ஏறிப்போவதா மீட்சி? திமிரும் தன்வெறுப்பும் ஒரே ஆளிடம் எப்படி இருக்கும்?

வி.

அன்புள்ள வி.,

2016இல் அந்த அரண்மனைக் காட்சி வரும் 13ஆவது எபிசோடை முதன்முறை பார்த்தபோது நானும் பாதியில் நிறுத்தினேன். பார்க்க முடியவில்லை. அதனால் உங்கள் கோபத்தை மாற்றப் பார்க்க மாட்டேன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டு வீட்டிலேயே கிடந்த சுபாரு ஒரு நாள் இரவு கடைக்குப் போகிறான், வேறு உலகத்தில் போய் நிற்கிறான். அவனுக்கு வாள்வீச்சு வராது, மந்திரமும் பேருக்குத்தான். கிடைத்த ஒரே வரம், செத்தால் கொஞ்சம் முன்னால் இருந்த நேரத்துக்குத் திரும்பலாம் என்பது. இடையில் நடந்தது அவனுக்கு மட்டும்தான் நினைவிருக்கும். வெளியே சொல்ல வாயெடுத்தால் கரிய கைகள் வந்து இதயத்தை நசுக்கும். அதை மீறி எமிலியாவிடம் சொன்னபோது அவள்தான் செத்துப்போனாள்.

இப்போது அரண்மனைக்குப் பிறகு அவனும் எமிலியாவும் போடும் சண்டையை நினைத்துப் பாருங்கள். வீரன் ஜூலியஸிடம் மரவாளால் அடிபட்டுப் படுக்கையில் கிடக்கிறான். எனக்காக ஏன் இதெல்லாம் செய்கிறாய் என்று எமிலியா கேட்கிறாள். அதற்கு அவனால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லிக்காட்டத் தொடங்குகிறான். உனக்காக எவ்வளவு செய்திருக்கிறேன், அந்தக் கடனை உன்னால் தீர்க்கவே முடியாது என்கிறான். செய்ததைச் சொல்லிக்காட்டுவது எவ்வளவு அசிங்கம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே இன்னும் மோசம், அவன் பட்ட பாட்டில் பெரும்பகுதி அவளைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. தான் மட்டுமே படிக்கக்கூடிய ஒரு கணக்குநோட்டை வைத்துக்கொண்டு அவளிடம் வட்டி கேட்கிறான்.

அந்த நோட்டு அவனுக்கு ஏன் வேண்டியிருக்கிறது? தன்னிடம் நேசிக்க ஒன்றுமே இல்லை என்று உள்ளுக்குள் நம்புகிறவன், செய்ததை எண்ணிக் காட்டாமல் யார் முன்னாலும் நிற்கத் துணியமாட்டான். அந்த எண்ணிக்கை வெளியே திமிராகத் தெரிகிறது. அதைப் பிடுங்கிவிட்டால் 18ஆவது எபிசோடில் அழும் பையன்தான் மிச்சம். அதனால் எனக்கு அவன் இரண்டு ஆளாகத் தெரியவில்லை.

அந்த 18ஆவது எபிசோடில் ஏறக்குறைய முழு நேரமும் இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு கராராகி என்ற வேறு நாட்டுக்கு ஓடிப்போய்விடலாம் என்று சுபாரு ரெம்மைக் கூப்பிடுகிறான். அவள் ஆசைப்பட்டதே அதுதான். அங்கே வாழப்போகும் வாழ்க்கையை ஒவ்வொன்றாகக் கற்பனை செய்து சொல்கிறாள், அப்புறம் மறுக்கிறாள். நீங்கள் அவள் நேசத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், இந்த மறுப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அந்தக் காட்சியின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் முதலிலிருந்து தொடங்குவதை ‘ஒன்றிலிருந்து’ என்று சொல்வார்கள். ரெம் முதலில் அப்படித்தான் சொல்கிறாள், உடனே இல்லை, பூஜ்ஜியத்திலிருந்து என்று திருத்திக்கொள்கிறாள். நான் அதை அந்தக் கணக்குநோட்டோடு சேர்த்துத்தான் கேட்டேன். பற்றும் இல்லை, வரவும் இல்லை, யாரும் உனக்குக் கடன்படவில்லை.

அவள் அவ்வளவும் சொன்ன பிறகு, தன் மனதில் இருப்பது எமிலியா என்கிறான் சுபாரு. ரெம்முக்கு அது நியாயமே இல்லை. அதில் உங்களோடு வாதாட மாட்டேன்.

ஆனால் ரெம் பேசியதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவன் மாறியதை நான் பார்த்தது அடுத்த எபிசோடில், எமிலியாவைப் போலவே அரியணைக்குப் போட்டியிடும் குரூஷின் வீட்டில் நடக்கும் பேச்சுவார்த்தையில். செத்துத் திரும்புவதற்கு முந்தைய சுற்றில் அதே குரூஷிடம் உதவி கேட்டு வெறுங்கையோடு திரும்பியவன் அவன். அப்போது அவன் கண்ணில் வெறுப்பு மட்டும்தான் இருந்தது, குரூஷ் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். இம்முறை வெள்ளைத் திமிங்கிலம் என்ற பயங்கர மிருகம் எப்போது, எங்கே வரும் என்ற தகவலை மேசையில் வைக்கிறான். அதே மிருகத்தைப் பதினான்கு வருடமாகத் தேடும் கிழவர் வில்ஹெல்ம் பக்கத்தில் நிற்கிறார். சுபாருவுக்கு அந்தத் தகவல் உயிரைக் கொடுத்துக் கிடைத்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. இதுதான் என்னிடம் இருக்கிறது, எனக்கு உதவி வேண்டும் என்று கேட்கிறான், அவ்வளவுதான். பிறகு ஜூலியஸிடம் மன்னிப்புக் கேட்கிறான். கடைசி எபிசோடில் எமிலியா மறுபடியும் ஏன் என்று கேட்கும்போது, கடனைப் பற்றிப் பேசாமல் காதலைச் சொல்கிறான்.

தன்வெறுப்பு இதோடு தீர்ந்துவிடவில்லை. 2020இல் வந்த இரண்டாம் சீசனை நீங்கள் பார்த்தாக வேண்டும். அங்கே தன் சாவையே ஒரு கருவியாகப் பயன்படுத்தப் பழகிவிடுகிறான். தான் செத்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது அவன் நினைப்பு. அவன் செத்த பிறகு அந்தந்த உலகங்களில் என்ன நடந்தது என்பதை ஒரு சோதனை அவனுக்குக் காட்டுகிறது. அவன் உடலைப் பிடித்துக்கொண்டு அழுகிறவர்களைப் பார்க்கிறான். எல்லாவற்றையும் தனியாகவே சுமக்கப் பார்க்கும் அவனை நண்பன் ஓட்டோ ஒரு குத்து விடுவதும் இந்த சீசனில்தான். அந்தக் குத்து எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அதற்கெல்லாம் முன்பு, அதே சீசனின் நான்காவது எபிசோடில், அவன் பழைய வீடு வருகிறது. அதுவும் ஒரு சோதனைதான். அப்பா ஊரே விரும்பும் கலகலப்பான மனிதர். அவர் மகன் என்ற பெயரைக் காப்பாற்ற ஓடி ஓடி, மற்ற பையன்கள் முந்திப்போனதும் வீட்டுக்குள் முடங்கியவன் இவன். அப்பாவும் அம்மாவும் தன்னைத் திட்டிக் கைவிட்டுவிட மாட்டார்களா என்று காத்துக்கிடந்ததை அன்று வாய்விட்டுச் சொல்லி அழுகிறான். அப்புறம் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு அம்மாவோடு பள்ளிக்கு நடக்கிறான். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர்கள் சொல்லும் வார்த்தைக்கு நேர்ப்பொருள் ‘போய் வருகிறேன்’, நாம் சொல்வதேதான். திரும்பி வரப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். அம்மா வழியனுப்புகிறாள். அவன் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு நடக்கிறான்.

அந்த எபிசோடைப் பார்த்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள்.