அப்புவின் பெட்டியில் இருந்த 303 ரகத் தோட்டாக்களை என்ன விலைக்கு விற்கலாம்?

விலை பூச்சியம், தம்பி. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். கீழே நான் நீட்டி முழக்கப்போவதை எல்லோரும் வாசிக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்புவின் தகரப் பெட்டிக்குள் 303 துவக்குத் தோட்டாக்கள் (303 என்பது எண்ணிக்கை இல்லை, பழைய பிரிட்டிஷ் இராணுவத் துவக்கின் ரகம்) நாற்பது வரை கிடந்தன, இப்போது அவை எங்கும் கிடைப்பதில்லை, நியாயமான விலையை எப்படிக் கணிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர் கிளிநொச்சி மாவட்டம் என்றும் போட்டிருக்கிறீர்கள். எனக்கு முன் பதில் எழுதியவர்கள் டொலரில் விலை சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் நாட்டில் அது சரியாகவே இருக்கலாம். அனுமதிப்பத்திரம் உள்ளவன் அனுமதிப்பத்திரம் உள்ளவனுக்கு விற்கும் இடம் அது. இங்கே 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1996இல் தண்டனையைக் கூட்டி அதைத் திருத்தியும் இருக்கிறார்கள். அப்புவிடம் ஒரு காலத்தில் அனுமதி இருந்திருக்கலாம். அது அப்புவோடு போய்விட்டது. பெட்டிதான் உங்களுக்கு வந்திருக்கிறது.

உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கப்போகிறவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு சில வருடங்கள் மிதிவெடி அகற்றும் வேலையில் இருந்தேன். அந்த வேலை முடிந்ததும் மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வீதியில் பழைய இரும்புக் கடை வைத்தேன். இரும்புக் கடைக்காரன் என்றாலே களவுச் சாமான் வாங்குபவன் என்று நினைக்கிற நல்லவர்கள் இந்தத் தளத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். எறிகணையை உடைத்துச் செம்பு எடுக்கப்போய்க் கையும் கண்ணும் இழந்தவர்களை நேரில் பார்த்தவன் நான். வெடிக்காத எதுவும் என் தராசில் ஏறியதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்களைப் போலவே ஒருவர் கடைக்கு வந்தார். முத்தையன்கட்டுப் பக்கத்து ஐயா. கூடவே கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மருமகன். இந்திய வீட்டுத் திட்டத்துக்கு அத்திவாரம் வெட்டும்போது பாலை மரத்தடியில் ஒரு நெஸ்டமோல்ட் டின் மண்வெட்டியில் தட்டுப்பட்டதாம். ஐயாவின் தமையன் எப்போதோ புதைத்தது. டின்னின் மூடி துருவேறி ஒட்டிப்போயிருந்தது, பக்கத்தை வெட்டித் திறந்திருந்தார்கள். உள்ளே மெழுகுத்துணி, அதற்குள் 303 தோட்டாக்கள். சில ஐந்தைந்தாக இரும்புப் பிடியில் கோர்த்தபடியே இருந்தன, மிச்சம் உதிரி. மேலே கிடந்தவற்றில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

ஐயா கேட்டது பித்தளை விலை. மருமகன் கேட்டது வேறு. கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அண்ணை, இது ஒன்று பத்து டொலருக்குப் போகிறது. இவ்வளவையும் பெருக்கிப் பாருங்கள்" என்றார். பெருக்கினேன். மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கலாம் போலத்தான் வந்தது.

டின்னைக் கடைக்கு வெளியே வேலியோரம் வைக்கச் சொல்லிவிட்டு, குனிந்து ஒரே ஒரு தோட்டாவின் அடியை மட்டும் பார்த்தேன். 303இன் விலை அடியில்தான் எழுதியிருக்கிறது. செய்த ஆலையின் குறி, வருடம், எந்த மார்க் (அதாவது எத்தனையாவது மாதிரி) என்பது மூன்றும் அங்கே வட்டமாகக் குத்தியிருக்கும். ஐயாவின் தோட்டாவில் கே.எஃப். என்றும் 43 என்றும் ரோமன் ஏழும் இருந்தன. கே.எஃப். என்றால் இந்தியாவில் பூனேக்குப் பக்கத்திலுள்ள கிர்க்கி ஆலை. இரண்டாம் உலகப் போரில் கணக்கு வழக்கில்லாமல் செய்து தள்ளிய சாமான். ஏழாம் மார்க் 1910இல் வந்தது. 174 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ பதினொரு கிராம் எடையுள்ள கூர்மூக்குச் சன்னம் (சுட்டதும் பறந்துபோகும் முனைத் துண்டு). உலகத்தில் மிஞ்சியிருக்கும் பழைய 303களில் பெரும்பங்கு இதுதான்.

மருமகனின் தொலைபேசியில் இருந்த படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். அதில் இருந்தது மொட்டைமூக்கு, அதாவது ஏழாம் மார்க்குக்கு முந்தியது. அதுகூடப் பெரிய அரிதில்லை. 303இல் உண்மையில் அரிது என்றால் 1890களின் கடைசியில் செய்து கைவிட்ட குழிமூக்குச் சன்னம். உடம்பில் பட்டதும் விரியும் வகை; 1899 ஹேக் பிரகடனம் தடைசெய்தது அந்த மாதிரியைத்தான். அப்படி ஒன்றை எங்கள் பக்கத்து மண்ணில் நான் கண்டதில்லை.

இன்னொன்றும் சொன்னேன். அந்தப் பத்து டொலர் கேட்கும் விலை. கேட்கும் விலையை யாரும் கேட்கலாம். விற்றுமுடிந்த விலை எது என்று பார்த்தீர்களா? பேசாமல் நின்றார்.

கனடாவிலேயே இருந்து நியாய விலை கணிப்பதானால் வாங்க வருபவர் யார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சுடுவதற்கு வாங்குபவர் புதுத் தோட்டாவின் விலைக்கு மேல் ஒரு சதம் தரமாட்டார். 303ஐ இன்றும் சேர்பியாவில் செய்து விற்கிறார்கள், ஆகவே "இப்போது கிடைப்பதில்லை" என்ற பேச்சே பிழை. போதாததற்கு, போர்க்காலத் தோட்டாவின் அடியிலுள்ள சிறு தொப்பியில் இருக்கும் மருந்து சுட்டபின் உப்பை விட்டுச்செல்லும், அன்றைக்கே கழுவாவிட்டால் குழாய் துருப்பிடிக்கும். அதற்காக அவர் இன்னும் குறைத்துத்தான் கேட்பார். சேகரிப்பவர் வேறு சாதி. அவருக்குச் சுடுவது தேவையில்லை, அடியில் உள்ள குறியும் வருடமும் தன்னிடம் இல்லாததாக இருக்க வேண்டும். ஒன்றிருந்தால் போதும், அதே குறியில் நாற்பது இருந்தால் முப்பத்தொன்பதுக்கு அவரிடம் மதிப்பில்லை. பிரிக்காத காகிதப் பொதி என்றால் உதிரியைவிடக் கூடக் கொடுப்பார். கழுத்து வெடித்திருந்தால் குறைப்பார். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால் திரும்பியும் பார்க்கமாட்டார். உங்கள் படத்தில் இரண்டு மூன்று தோட்டாக்கள் மின்னுகின்றன, தம்பி. தயவுசெய்து தேய்ப்பதை நிறுத்துங்கள். விலைக்காகச் சொல்லவில்லை.

அடித் தொப்பியைச் சுற்றி ஒரு மை வளையம் இருக்கும், அதையும் கவனியுங்கள். ஊதா என்றால் சாதாரணச் சன்னம். பச்சை என்றால் இரும்புத் தகட்டைத் துளைப்பது. சிவப்பு ஒளிக்கோடு விட்டுப் போவது, நீலம் தீமூட்டுவது. சிவப்போ நீலமோ தெரிந்தால் பெட்டியை மூடிவிட்டுப் பிள்ளைகளை அந்த அறைப் பக்கம் விடாதீர்கள். மை அழிந்திருந்தாலும் அப்படித்தான்.

ஐயாவின் கேள்விக்கு வருகிறேன், அதுதான் மருமகனின் கேள்வியைவிட நேர்மையானது. வெற்றுக் கோது, அதாவது சுட்டபின் மிஞ்சும் உறை என்றால், ஏறத்தாழ தொண்ணூறு கோது சேர்ந்தால் ஒரு கிலோ. நல்ல பித்தளை, நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு. நூலில் கட்டித் தொங்கவிட்ட காந்தம் ஒன்று என் கடையில் உண்டு. சாக்கோடு வரும் கோதுகளில் அதை இறக்கினால் பித்தளை போலவே மின்னும் பல கோதுகள் ஓடிவந்து ஒட்டும். அவை செம்புப் பூச்சுப் பூசிய இரும்பு, இரும்பு விலைதான். 303 ஒட்டாது. ஆனால் ஐயாவிடம் இருந்தது வெற்றுக் கோது இல்லையே. "சன்னத்தைக் குறட்டால் இழுத்துவிட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார். அந்த இடத்தில்தான் நான் சத்தம் போட்டேன். வயதில் மூத்தவர், போட்டிருக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லலாம். இன்றைக்கு வந்தாலும் போடுவேன். 303க்குள் கறுப்புத் தூள் இல்லை; இடியப்ப உரலில் பிழிந்தது போல நீள இழைகளாக கோர்டைட் இருக்கும், நைத்ரோகிளிசரின் கலந்தது. அடித் தொப்பியோ எத்தனை வருடம் போனாலும் தட்டினால் தட்டியதுதான். குறடு வழுக்கினால் யார் பொறுப்பு?

அப்படியென்றால் இங்கே இதை வாங்க வருபவன் யார் என்று யோசித்துப் பாருங்கள். சுடுவதற்கு 303 துவக்கு அவனிடம் இல்லை. அவனுக்கு வேண்டியது உள்ளே இருக்கும் வெடிமருந்து. அது மிருகம் போகும் வழியில் களவாகக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்குக்குள் போகும், இல்லாவிட்டால் கடித்ததும் வாயில் வெடிக்கும் ஹக்கபட்டாஸாகிப் பூசணிக்காய்க்குள் போகும். பன்றிக்கு என்று வைப்பார்கள், யானைக் குட்டி வாய் கிழிந்து பட்டினி கிடந்து சாகும். கட்டுத்துவக்கில் கால் போனவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவன் தரும் காசை நியாயமான விலை என்று எழுத என் கை வராது.

ஐயாவும் நானும் கிராம அலுவலரிடம் போனோம். சமாதான நீதவான் ஒருவரையும் கூட்டிக்கொண்டோம். டின்னை மட்டும் யாரும் எங்கேயும் தூக்கிப்போகவில்லை. பொலிஸார் வந்து பார்த்தார்கள், பிறகு நீதிமன்ற அனுமதி எடுத்துக் கொண்டுபோய் அழித்தார்கள். கேள்வி கேட்டார்களா? கேட்டார்கள். வன்னியில் ஒரு தமிழனின் காணியில் தோட்டா கிடந்தால் கேட்காமல் விடுவார்களா? உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது, அதை யாரும் பரிகசிக்க வேண்டாம். அதனால்தான் சொல்கிறேன்: சட்டத்தரணி ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், தனியாகப் போகாதீர்கள், பெட்டியை பஸ்ஸில் ஏற்றாதீர்கள். நாமாகச் சொல்லிக் கொடுப்பது ஒன்று, வீதிச் சோதனையில் பிடிபடுவது வேறொன்று. விற்கப்போய்ப் பிடிபட்டால் அப்பு சாட்சிக்கு வரமாட்டார்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து அரிக்கிறது. பெரியப்பாவிடம் அனுமதி பெற்ற வேட்டைத் துவக்கு இருந்தது. எண்பதுகளில் போனது போனதுதான். யார் கொண்டுபோனார்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை. இப்போது அதே காணியில் நான் கச்சானும் மரவள்ளியும் போடுகிறேன். அரைவாசி பன்றிக்கு. தென்னையில் குரும்பட்டி குரங்குக்கு. பயிர் காக்க முறைப்படி ஒரு துவக்குக்கு விண்ணப்பித்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். கோப்பு இருக்கிறது என்கிறார்கள், அதற்கு மேல் அசைவில்லை. பயிரை அழிக்கும் மிருகங்களுக்கான அரசாங்கக் கணக்கெடுப்பு என்று 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணியிலிருந்து ஐந்து நிமிடம் காணியில் நிற்கும் குரங்கையும் மயிலையும் எண்ணித் தரச் சொன்னார்கள். எண்ணிக் கொடுத்தேன். எட்டு ஐந்துக்குப் பிறகு வந்த கூட்டத்தை எந்தப் பத்தியில் எழுதுவது என்று கேட்டதற்கு அலுவலர் சிரித்தார். சட்டப்படி நடப்பவனுக்குப் பென்சில், களவாகக் கட்டுபவனுக்குக் கச்சான். இதற்கும் உங்கள் கேள்விக்கும் தொடர்பில்லை என்று யாராவது கீழே எழுதினால், ஒரு போகம் காணி செய்துவிட்டு வந்து எழுதட்டும்.

தம்பி, கேள்வியோடு போட்டிருக்கும் படத்தில் பெட்டிக்குப் பின்னால் உங்கள் வீட்டுச் சுவரும் நாட்காட்டியில் கடையின் பெயரும் தெளிவாகத் தெரிகின்றன. முதலில் அதை எடுத்துவிடுங்கள்.