நிரலர் குறிப்பேடு: கேள்வி பதில்

இருபது ஆண்டுகளாகக் கோலாலம்பூரில் நிரல் எழுதும் வேலையில் இருக்கிறேன். நிரல் துணுக்குகளையும் தொழில்நுட்பக் குறிப்புகளையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று நண்பர்கள் கேட்டவற்றுள் அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கிள்ளான், கல்லூரி மாணவி): அண்ணா, என் துணுக்குகள் உலாவியின் புக்மார்க்கிலும் ஸ்கிரீன்ஷாட்டிலும் எனக்கு நானே அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகளிலும் சிதறிக் கிடக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

பழையவற்றை ஒழுங்குபடுத்துவதில் தொடங்க வேண்டாம். அது ஒரு வார இறுதியை விழுங்கிவிட்டுப் பாதியில் நின்றுபோகும். இன்றைக்கே ஒரு கோப்புறையை உருவாக்கி, இனி வருவதை மட்டும் அதில் மார்க்டவுன் (எளிய குறிகளால் தலைப்பும் பட்டியலும் இடும் உரை வடிவம்) கோப்புகளாக எழுதுங்கள். பழைய துணுக்கு ஒன்று வேலைக்குத் தேவைப்படும் நாளில் அதை எடுத்து வந்து இங்கே சேர்த்தால் போதும். ஒரு வருடம் கழித்தும் தேவைப்படாதவை அங்கேயே கிடக்கட்டும்.

எளிய உரைக் கோப்பை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. குறிப்பெடுக்கும் செயலிகளை நான் நான்கு முறை மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் குறிப்புகளை வெளியே எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எளிய உரையை எந்தக் கணினியிலும் திறக்கலாம், கோப்புகளுக்குள் சொல் தேடும் கிரெப் கட்டளையால் ஒரு நொடியில் தேடலாம், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் வைத்தால் எந்த வரியை எப்போது மாற்றினோம் என்பதும் தெரியும். ஸ்கிரீன்ஷாட்டில் இவை எதற்கும் வழியில்லை.

கேள்வி (பட்டர்வொர்த்): கட்டளையை அப்படியே நகலெடுத்து வைக்கிறேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எதற்காக வைத்தேன் என்பதே நினைவில்லை. குறிப்பில் வேறு என்னதான் எழுத வேண்டும், ஐயா?

எனக்கு வந்த கேள்விகளில் முக்கியமானதாக இதைத்தான் கருதுகிறேன். நான் பட்ட பாட்டைச் சொன்னால் பதில் விளங்கும்.

முன்பு வேலை செய்த ஒரு நிறுவனத்தில், ஒரு திட்டத்தின் கோப்புறையைக் காப்பு வட்டுக்கு அனுப்புவதற்கு, கோப்புகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளை ஒன்றைக் குறித்து வைத்திருந்தேன். மூலத்தில் இல்லாத கோப்புகளை இலக்கிலும் அழிக்கும் டிலீட் விருப்பம் அதில் இருந்தது. சில மாதங்களுக்குப் பின் அதே கட்டளையை வேறொரு திட்டத்திற்குப் பயன்படுத்தியபோது, கோப்புறைப் பெயரைத் தட்டச்சிட்டுத் தாவல் விசையை அழுத்தினேன். கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையம், பெயரின் முடிவில் / என்ற சாய்கோட்டைத் தானே சேர்த்தது. ஆர்சிங்கில் மூலக் கோப்புறையின் பெயர் சாய்கோடில்லாமல் முடிந்தால் அந்தக் கோப்புறையே இலக்குக்குள் போய் அமரும். சாய்கோடு இருந்தால் கோப்புறைக்குள் இருப்பவை மட்டும் நேரே இலக்கில் கொட்டப்படும். அப்படிக் கொட்டியபோது, காப்பு வட்டில் ஏற்கெனவே இருந்த மற்ற மூன்று திட்டங்களும் மூலத்தில் இல்லாதவை என்ற கணக்கில் அழிந்துபோயின.

கட்டளை தவறானது அல்ல. அந்தச் சாய்கோடு இல்லாமல் ஏன் எழுதினேன் என்பதை நான் எழுதி வைக்காததுதான் தவறு. அன்றிலிருந்து ஒவ்வொரு துணுக்கின் மேலும், இது எந்தச் சிக்கலுக்கு வந்தது, எந்தப் பதிப்பில் என்றைக்கு ஓட்டிப் பார்த்தேன், எந்த இடத்தில் கையைச் சுடும் என்பதை முழு வாக்கியங்களில் எழுதுகிறேன். ஆர்சிங்க் குறிப்பின் முதல் வரியில் இப்போது, எதையும் செய்யாமல் செய்யப்போவதை மட்டும் காட்டும் ஒத்திகை விருப்பத்துடன் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. தரவுத்தளத்தில் வரிகளை அழிக்கும் குறிப்புகளுக்கும் இதே ஒழுங்குதான்: அதே நிபந்தனையோடு முதலில் எண்ணிப் பார்க்கும் வினவல், அதற்குக் கீழேதான் அழிக்கும் வினவல்.

கேள்வி (பெட்டாலிங் ஜெயா): இணையத்தில் எல்லாமே கிடைக்கும்போது, நாமே எழுதி வைக்க வேண்டியவை எவை?

இரண்டாவது முறையாகத் தேட நேர்ந்தவற்றை மட்டும் சேருங்கள். அவற்றிலும் நம் நாட்டுக்கே உரிய விவரங்களுக்கு முதலிடம் கொடுங்கள். பொதுவான வழிகாட்டிகளில் அவை அகப்படுவதில்லை.

மலேசிய அடையாள அட்டையான மைகார்டின் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். இதை எண்ணாகச் சேமித்தால் 2003-இல் பிறந்தவரின் முன்சுழியம் காணாமல் போய்ப் பதினோரு இலக்கமாகிவிடும். எனவே எழுத்துகளின் வரிசையாக, அதாவது எழுத்துச்சரமாகவே வைக்க வேண்டும். பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14 என்று மட்டும் எழுதிச் சரிபார்க்கும் நிரலும் பிழையானது. பினாங்குக்கு 34, 35 என்பவையும் கோலாலம்பூருக்கு 54 முதல் 57 வரையும் உண்டு.

அடுத்தது, ரொக்கம் வாங்கும்போது தொகையை அருகிலுள்ள ஐந்து சென்னுக்கு (ரிங்கிட்டில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்) முழுமையாக்குவது. 2008 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்த முறையில் 1, 2, 6, 7 சென்கள் கீழிறங்கும். 3, 4, 8, 9 சென்கள் மேலேறும். தொகையைத் தசமமாக வைக்காமல் முழுச் சென்களாக வையுங்கள். அதோடு இரண்டைக் கூட்டி, ஐந்தால் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, மீண்டும் ஐந்தால் பெருக்கினால் விடை வந்துவிடும். 1032 சென் 1030 ஆகும். 1033 சென் 1035 ஆகும். இதைப் பட்டியலின் மொத்தத்தில்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே செய்தால் கல்லாக் கணக்கு ஒத்துவராது.

நேர மண்டலமும் அப்படித்தான். தீபகற்ப மலேசியா 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குக் கடிகாரத்தை நள்ளிரவுக்கு நகர்த்தி, உலகப் பொது நேரத்தைவிட ஏழரை மணி நேரம் முன்னிருந்த நிலையிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மாறியது. 1975-இல் பிறந்தவரின் பிறந்த தேதியை நள்ளிரவு நேரமுத்திரையாக (தேதியும் நேரமும் சேர்ந்த பதிவு) எட்டு மணி நேரக் கணக்கில் எழுதி, பழைய மாற்றங்களையும் அறிந்த கோலாலம்பூர் நேர மண்டலப் பெயரைக் கொண்டு படித்தால், முந்தைய நாள் இரவு 11.30 என்று வரும். தேதி ஒரு நாள் பின்னுக்குப் போய்விடும். பிறந்த தேதியைத் தேதியாக மட்டும் சேமியுங்கள்.

கேள்வி (ஈப்போ, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்): மாணவர்களுக்காக ஒரு சொல் தேடும் செயலியை உருவாக்குகிறேன். "கொடி" என்ற சொல் பட்டியலில் கண்ணெதிரே இருக்கிறது. தேடினால் இல்லை என்கிறது. ஏன்?

ஆசிரியர் ஐயா, பார்வைக்கு ஒன்றான அச்சொல்லை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகத் தரமான யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தின் பின் ஒகர உயிர்மெய்க் குறி ஒரே குறியீடாக வரலாம். அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக வரலாம். முதல் வகையில் "கொடி" நான்கு குறியீடுகள், இரண்டாம் வகையில் ஐந்து. பட்டியல் ஒரு வகையிலும் விசைப்பலகை மற்றொரு வகையிலும் இருந்தால் கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் உள்ள நார்மலைஸ் செயற்கூறைக் கொண்டு, பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பிறகே சேமியுங்கள். தேடும் சொல்லையும் அதே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தேடுங்கள்.

தமிழோடு வேலை செய்பவர்களின் குறிப்பேட்டில் இது முதல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். பக்கத்திலேயே இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: யூனிகோடு குறியீடுகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள் (சேமிப்பின் அலகு) பிடிக்கும், ஆகவே உங்கள் கண்ணுக்கு இரண்டு எழுத்தாகத் தெரியும் "கொடி" பன்னிரண்டு பைட்டுகள். பைட் கணக்கில் நீளத்தை வெட்டும் நிரல், எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடும்.

கேள்வி: நிரலர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் அதிக வாக்குப் பெற்ற விடையை நம்பி எடுக்கலாமா?

எடுக்கலாம், சோதிக்காமல் எடுக்கக் கூடாது. பைட் எண்ணிக்கையை மனிதர் படிக்கும் வடிவில் காட்டும் ஜாவா துணுக்கு ஒன்று 2010-இல் அங்கே வெளியாகி, ஆயிரக்கணக்கான திட்டங்களில் நகலெடுக்கப்பட்டது. அதில் பிழை இருப்பதை 2019-இல் அதை எழுதியவரே விளக்கினார்: 999,999 பைட்டுகளை ஒரு மெகாபைட் என்று காட்டாமல் ஆயிரம் கிலோபைட் என்று காட்டியது. எடுத்த இணைப்பையும் தேதியையும் துணுக்கின் மேலே எழுதுங்கள். அங்குள்ள பதிவுகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வருவதால், எழுதியவரைக் குறிப்பிடுவது நம் கடமையும் ஆகும்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): வேலை மாறப்போகிறேன். இங்கே எழுதிச் சேர்த்த துணுக்குகளை உடன் எடுத்துச் செல்லலாமா?

மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணியின்போது உருவாக்கிய படைப்பின் உரிமை முதலாளிக்குப் போய்ச் சேரும். ஆகவே வேலை ஒப்பந்தத்தை முதலில் எடுத்துப் படியுங்கள். நான் தொடக்கம் முதலே இரண்டு களஞ்சியங்கள் வைத்திருக்கிறேன்: அலுவலக நிரல் அலுவலகக் கணினியை விட்டு வெளியேறுவதில்லை, நான் கற்றுக்கொண்ட கருத்தை வீட்டில், என் சொற்களில், புதிய எடுத்துக்காட்டோடு எழுதுகிறேன். மீண்டும் எழுதும்போதுதான் எனக்கே சரியாகப் புரியாத இடங்களும் தெரியவருகின்றன.

கேள்வி: குறிப்பேட்டில் தவறுதலாக ஒரு கடவுச்சொல்லையும் சேர்த்துப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டேன். அந்த வரியை அழித்துவிட்டேன். போதுமா?

போதாது. கிட் வரலாற்றில் பழைய வரி அப்படியே இருக்கிறது. அதற்குள் யாரேனும் நகலெடுத்தும் இருக்கலாம். இதைப் படித்து முடிப்பதற்குள் அந்தக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். வரலாற்றைத் துப்புரவாக்கும் வேலையை அதற்குப் பிறகு நிதானமாகச் செய்யலாம்.