கப்பலில் அப்பாவின் வேட்டி
சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பல் பயணம், அப்பா வேட்டியை விடமாட்டார், அம்மா சுத்த சைவம், எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருந்தீர்கள். நானும் கிருஷ்ணகிரிதான், வேட்டிக்கெல்லாம் பயப்படவே வேண்டாம். பெரிய டைனிங் ஹாலில் ஃபார்மல் நைட் என்று, எல்லோரும் நன்றாக உடுத்தி வந்து சாப்பிடுகிற ஒரு இரவு வைப்பார்கள், அதற்குக் கோட் சூட்தான் வேண்டும் என்றில்லை, பட்டு வேட்டி சட்டையும் பட்டுப்புடவையும் தாராளமாகப் போதும், அரைக்கால் டவுசரும் ரப்பர் செருப்பும்தான் அங்கே ஆகாது. அதுவும் தொல்லை என்றால் பஃபே பக்கம் போய்விடுங்கள், சாதாரண உடையே போதும்.

சாப்பாடுதான் விஷயம். சைவம் என்று டிக்கெட் போடும்போதே எழுதிக் கொடுங்கள், முட்டையும் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லுங்கள், ஏறிய அன்றே ஹெட் வெயிட்டரைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லிவிட்டால் அடுத்த நாளுக்கு என்ன வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுச் செய்து தருவார்கள். அம்மா களி கிண்ட எலக்ட்ரிக் குக்கரைப் பெட்டியில் வைத்தால் எடுத்துவிடுங்கள்! இப்படிச் சூடாகிற சாமான்களை, இஸ்திரிப்பெட்டி உட்பட, ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். பருப்புப்பொடி, ஊறுகாய் என்றால் சீல் பிரிக்காத பாக்கெட்டாக எடுத்துப் போங்கள்.

அப்புறம், ஏறும்போது அறைக்கு அனுப்பச் சொல்லிக் கொடுத்த துணிப்பெட்டிகள் வந்து சேரச் சில சமயம் சாயங்காலம் ஆகிவிடும், மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.